பூஞ்சைத் தொற்றுக்கு நறுமண எண்ணெய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நறுமண எண்ணெய்க்குப் பூஞ்சையைக் கொல்லும் திறன் உண்டா, இல்லையா?

உண்டு. சோதனைக் குழாயில் விட்டால் கிராம்பு, ஓமம், லவங்கப்பட்டை, எலுமிச்சைப்புல், டீ ட்ரீ (ஓர் ஆஸ்திரேலிய மரத்தின் எண்ணெய், தேயிலை இல்லை) என்று ஏறக்குறைய எந்த எண்ணெயும் ஏதோ ஓர் அளவில் பூஞ்சையை நிறுத்திவிடும். அதனால் 'கொல்லுமா' என்று கேட்டுப் பெரிய பயனில்லை. எந்த அளவில் கொல்லும், அந்த அளவு நோய் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா, சேர்ந்தால் நம் தோல் தாங்குமா என்று கேட்க வேண்டும். இந்த மூன்றையும் மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தது மிகக் குறைவு. சோதித்தவற்றில் முன்னால் நிற்பது டீ ட்ரீ எண்ணெய். மற்ற எண்ணெய்களுக்கு ஆய்வக முடிவுகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. நோயாளிகளிடம் நடந்த சோதனைகளோ விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

"அத்தியாவசிய எண்ணெய்" என்கிறார்களே, அது வேறா?

இரண்டும் ஒன்றுதான். சாரம் என்ற பொருளில் வந்த பெயரை 'அவசியமானது' என்று மொழிபெயர்த்ததால் வந்த வினை அது. உடம்புக்கு இதில் அத்தியாவசியமாக ஒன்றும் இல்லை. செடியின் இலை, பட்டை, பூ, விதை இவற்றை நீராவியில் வடித்தால் ஆவியோடு வந்து மேலே மிதக்கும் வாசனைப் பொருள்களின் கலவைதான் நறுமண எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போல இதில் கொழுப்பு கிடையாது. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சமையல் எண்ணெயின் கறை போகவே போகாது. சுத்தமான நறுமண எண்ணெயின் கறை பெரும்பாலும் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். இந்த ஆவியாகும் குணம் பின்னால் பல இடங்களில் நம்மைக் காலை வாரும்.

எந்த வேதிப்பொருள் வேலை செய்கிறது?

முதலிடம் ஃபீனால் வகைக்கு. ஓமத்திலும் தைம் என்ற மூலிகையிலும் உள்ள தைமால், ஆரிகனோ மூலிகையில் உள்ள கார்வக்ரால், கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதியாக இருக்கும் யூஜெனால் எல்லாம் இந்தக் குடும்பம். அடுத்து ஆல்டிஹைடுகள்: லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப்புல்லின் சிட்ரால். அதற்கடுத்து ஆல்கஹால்கள்: டீ ட்ரீயின் டெர்பினென்-4-ஆல், ஜெரானியால், லினலூல். லிமோனீன், பைனீன் போன்ற வெறும் ஹைட்ரோகார்பன்கள் கடைசி வரிசை. வாசனை ஜோர், வேலை மந்தம்.

இந்த வரிசையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பூஞ்சையைக் கொல்லும் வேகம் கூடக்கூட, தோலைக் கடிக்கும் குணமும் கூடுகிறது. சின்னமால்டிஹைடு அபாரமான பூஞ்சைக்கொல்லி, அதே அளவுக்கு அபாரமான ஒவ்வாமைத் தூண்டி. டீ ட்ரீ ஆய்வகத்தில் முதலிடம் பிடித்ததில்லை. அது முன்னுக்கு வந்ததற்குக் காரணம், தோல் தாங்கும் அளவும் பூஞ்சை சாகும் அளவும் அதில் மட்டும் ஓரளவு இடைவெளியோடு இருப்பது.

லவங்கப்பட்டை எண்ணெய் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டையில் வடித்ததில் சின்னமால்டிஹைடு அதிகம். அதே மரத்தின் இலையில் வடித்ததில் யூஜெனால் அதிகம். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

பூஞ்சைக்கு உள்ளே என்ன நடக்கிறது?

பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டீரால் என்ற கொழுப்பு இருக்கிறது. நம் செல்களில் அந்த இடத்தில் கொலஸ்ட்ரால். பூஞ்சைக்குத் தரும் அசோல் வகை மருந்துகளும் டெர்பினாஃபின் மருந்தும் எர்கோஸ்டீரால் தயாரிப்பில் ஏதாவது ஒரு நொதியைக் குறிவைத்து அடைக்கின்றன. நறுமண எண்ணெயின் மூலக்கூறுகள் அப்படிக் குறிவைப்பதில்லை. கொழுப்பில் எளிதாகக் கரைபவை என்பதால் சவ்வுக்குள்ளேயே போய் உட்கார்ந்து அதைக் குலைக்கின்றன. சவ்வு ஓட்டையானதும் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிகிறது, மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் சரிகிறது. 2010-இல் வெளிவந்த ஈஸ்ட் ஆய்வு ஒன்று, கார்வக்ரால் பட்டவுடன் செல்லுக்குள் கால்சியம் திடீரென எகிறுவதையும், வளர்ச்சியை நடத்தும் டார் பாதை அடங்கிப்போவதையும் காட்டியது. ஆக, வெறும் சோப்பு மாதிரி சவ்வைக் கரைப்பதோடு கதை முடியவில்லை. சின்னமால்டிஹைடின் வழி இன்னும் வேறு: புரதங்களில் உள்ள கந்தகக் குழுக்களோடு நேராக வினைபுரிகிறது. தோலின் புரதங்களோடும் அதே வினை நடப்பதால்தான் ஒவ்வாமை.

வாயிலும் பிறப்புறுப்பிலும் தொற்றும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையான கேண்டிடா ஆல்பிகன்ஸ் உருண்டை வடிவிலிருந்து இழை வடிவுக்கு மாறித்தான் திசுவைத் துளைக்கும். கொல்லும் அளவைவிடக் குறைந்த செறிவிலேயே இந்த மாற்றத்தைப் பல எண்ணெய்கள் தடுக்கின்றன. கார்வக்ரால், ஜெரானியால், தைமால் மூன்றும் கேண்டிடாவின் உயிரிப்படலத்தையும் கணிசமாக ஒடுக்குவது ஆய்வகத்தில் உறுதியாகியிருக்கிறது. பிளாஸ்டிக்கில் ஒட்டி வளரும் இந்தப் படலத்தை ஃப்ளூகோனசோல் என்ற அசோல் மருந்து அசைப்பதே கடினம்.

கட்டுரைகளில் வரும் எம்.ஐ.சி. எண்ணை எப்படிப் படிப்பது?

எம்.ஐ.சி. என்றால் பூஞ்சை வளர்வதை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த செறிவு. எண் சிறியதானால் பொருள் வலியது. படிப்பவர்கள் ஏமாறுவது அலகில்தான்: மருந்துக்கு ஒரு மி.லி.க்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதுவார்கள், எண்ணெய்க்குச் சதவீதத்தில் எழுதுவார்கள். '0.25' என்று பார்த்தவுடன் ஆகா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டீ ட்ரீயின் எம்.ஐ.சி. கேண்டிடாவுக்கு 0.25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பல ஆய்வுகளில் வரும் எண்தான் இது. 100 மி.லி.யில் 0.25 மி.லி., அதாவது ஒரு மி.லி.யில் 2.5 மைக்ரோலிட்டர். எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.9. பெருக்கினால் ஒரு மி.லி.க்கு ஏறத்தாழ 2,250 மைக்ரோகிராம். ஃப்ளூகோனசோலுக்கு அடங்கும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்று சொல்ல, ஒரு மி.லி.க்கு 2 மைக்ரோகிராமுக்குள் அது நிற்க வேண்டும். ஆக, எடைக்கு எடை பார்த்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இதைக் கேட்டு எண்ணெயைத் தூக்கிப் போடவும் வேண்டாம். 25 சதவீதக் கரைசலைத் தோலில் தடவினால், அந்த எம்.ஐ.சி.யைப்போல நூறு மடங்கு செறிவு நேராக மேல்தோலில் விழுகிறது. மேலே தடவும் சிகிச்சையில் கணக்கு கட்டுப்படியாகும். விழுங்கினால் ஆகாது, ஏன் என்று கீழே சொல்கிறோம்.

ஒரே எண்ணெய்க்கு ஆளுக்கொரு எண் வருவது ஏன்?

எண்ணெய் தண்ணீரோடு ஒட்டாது, திறந்து வைத்தால் பறந்துவிடும். ஆய்வக முறைகள் எல்லாம் நீரில் கரையும், பறக்காத மருந்துகளுக்காக உருவானவை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

மிக மோசமானது வட்டத்தாள் முறை. 6 மி.மீ. தாளில் எண்ணெயை நனைத்து, பூஞ்சை வளர்க்கும் அகார் என்ற கூழ்த் தட்டில் வைத்து, சுற்றி எவ்வளவு தூரம் பூஞ்சை வளரவில்லை என்று அளப்பார்கள். எண்ணெய் அகாருக்குள் சரியாகப் பரவாது. மூடிக்குள் ஆவியாகத்தான் பரவும். வட்டம் பெரிதாக வந்தால் எண்ணெய் வலியது என்பதைவிட, வேகமாகப் பறந்தது என்றே பல நேரம் பொருள். வெறும் வட்ட அளவை மட்டும் வைத்து முடிவு சொல்லும் கட்டுரையை நாங்கள் இரண்டாவது பக்கம் புரட்டுவதில்லை.

எண்ணெயைப் படிப்படியாக நீர்த்து, தட்டின் சிறு குழிகளில் பூஞ்சையோடு விட்டுப் பார்க்கும் நுண்நீர்த்தல் முறை மேலானது. ஆர்.பி.எம்.ஐ.-1640 என்ற வளர்ப்புத் திரவம், 35 டிகிரி, ஒரு மி.லி.க்கு 500 முதல் 2,500 ஈஸ்ட் செல்கள், 24 அல்லது 48 மணி நேரம். அதிலும் மூன்று இடத்தில் சறுக்கும். கரைய வைக்க ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது கூடினால் எண்ணெயைத் தன் நுண்துளிகளுக்குள் இழுத்துக்கொண்டு, எண்ணெயின் வேலையையே குறைத்துவிடும். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைச் சேர்த்தால், அது மட்டும் இருக்கும் குழியில் பூஞ்சை நன்றாக வளர்கிறதா என்று காட்ட வேண்டும், பலர் காட்டுவதில்லை. மூன்றாவது, தட்டை ஒட்டும் தாளால் மூடாவிட்டால் செறிவு கூடிய குழியிலிருந்து ஆவி பக்கத்துக் குழிக்குப் போய் அங்கேயும் பூஞ்சையைக் கொல்லும். எண்ணெய் இல்லாத குழியிலும் வளர்ச்சி குன்றியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

கூடவே, எண்ணெயின் உட்கூறு என்ன என்று வாயு நிறப்பிரிகை அறிக்கை கொடுக்காத ஆய்வை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தைம் செடியிலேயே தைமால் மிகுந்த ரகம், லினலூல் மிகுந்த ரகம், ஜெரானியால் மிகுந்த ரகம் என்று பல உண்டு. தாவரப் பெயர் ஒன்றே. பூஞ்சைக்கு எதிரான பலம் வேறு வேறு.

சேற்றுப்புண்ணுக்குச் சான்று என்ன?

இருப்பதிலேயே நல்ல சான்று கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்குத்தான். இரண்டு சோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையத் தெளிவாகும்.

1992-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு 104 பேரிடம் நடந்தது. 10 சதவீத டீ ட்ரீ கிரீம், 1 சதவீத டால்நாஃப்டேட் மருந்து, எதுவும் சேர்க்காத வெற்றுக் கிரீம் என்று மூன்று பிரிவு. அரிப்பும் செதிலும் குறைந்தோர் டீ ட்ரீ பிரிவில் 65 சதவீதம், மருந்துப் பிரிவில் 58, வெற்றுக் கிரீமில் 41. இதோடு நிறுத்திவிட்டால் எண்ணெய்தான் ஜெயித்தது. ஆனால் தோலைச் சுரண்டி வளர்த்துப் பார்த்தபோது பூஞ்சை ஒழிந்திருந்தது மருந்துப் பிரிவில் 85 சதவீதம் பேருக்கு, டீ ட்ரீயில் 30, வெற்றுக் கிரீமில் 21. அரிப்பு அடங்கிவிட்டது, பூஞ்சை அப்படியே இருந்தது. இந்த மாதிரி ஆறுதல் ஆபத்தானது. ஆள் குணமாகிவிட்டதாக நினைத்து நிறுத்துவார், அடுத்த மாதம் திரும்ப வரும்.

2002-இல் அதே நாட்டில் 158 பேரிடம் நடந்த சோதனையில் செறிவைக் கூட்டினார்கள்: 25 சதவீதம், 50 சதவீதம். கிரீமுக்குப் பதில் எத்தனாலும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் கலந்த கரைசல். நாளைக்கு இரண்டு வேளை, நான்கு வாரம். நன்றாகத் தேறியோர் 25 சதவீதப் பிரிவில் 72 சதவீதம், 50 சதவீதப் பிரிவில் 68, வெற்றுக் கரைசலில் 39. 50 சதவீதப் பிரிவில் பூஞ்சை ஒழிந்தோர் 64 சதவீதம், வெற்றுக் கரைசலில் 31. எண்ணெய் தடவியவர்களில் நான்கு பேருக்குத் தோல் அழற்சி மிதமாகவோ கடுமையாகவோ வந்தது, நிறுத்தியதும் அடங்கியது.

எங்கள் முடிவு இது: 10 சதவீதம் போதாது, 25-க்கு மேல் போவதில் லாபமில்லை. அப்படிச் செய்தாலும் டெர்பினாஃபின் 1 சதவீதக் கிரீம் ஒரு வாரத்தில் தரும் பலனுக்கு நான்கு வாரம் தடவியும் எட்டாது. மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஓர் இரண்டாம் வழி.

25 சதவீதக் கரைசலை வீட்டில் தயாரிக்கலாமா?

சதவீதம் குறித்த ஆயத்தப் பொருள் கிடைத்தால் அதுவே நல்லது. கலப்பதானால் சொட்டுக் கணக்கு வேண்டாம். 'ஒரு மி.லி.க்கு 20 சொட்டு' என்பது குத்துமதிப்பு. புட்டியின் துளையையும் எண்ணெயின் பிசுக்கையும் பொறுத்து 40 வரைகூடப் போகும். ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சால் அளக்கவும்.

5 மி.லி. டீ ட்ரீ எண்ணெயோடு 15 மி.லி. தாங்கு எண்ணெய் (நீர்க்க உதவும், தேங்காய் எண்ணெய் போன்ற கொழுப்பெண்ணெய்) சேர்த்தால் 20 மி.லி. வரும், அது 25 சதவீதம். 5-க்கு 20 என்று சேர்த்துவிட்டு 25 சதவீதம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது 20 சதவீதம்தான். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றித் தேதி எழுதி வைக்கவும். மெல்லிய பிளாஸ்டிக் புட்டியை எண்ணெய் இளக்கிவிடும்.

ஆனால் சோதனையில் இருந்தது ஆல்கஹால் கரைசல். தாங்கு எண்ணெயில் கலந்தால் டெர்பினென்-4-ஆல் அந்தக் கொழுப்பை விட்டு வெளியே வரத் தயங்கும், தோலுக்குள் இறங்குவது குறையும். சதவீதம் ஒன்றாக இருந்தாலும் பலன் ஒன்றாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

தடவுமுன் முன்கையின் உட்புறத்தில், பயன்படுத்தப்போகும் அதே கரைசலில் ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்கவும். சிவந்தாலோ அரித்தாலோ அத்தோடு விட்டுவிட வேண்டும். ஒன்றும் ஆகவில்லையென்றால், காலைக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித் துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்து, இடுக்கு முழுவதும் நனையும்படி மெல்லிய பூச்சாகத் தடவவும். நான்காவது, ஐந்தாவது விரலுக்கு நடுவில் மறக்காமல். நோய் முதலில் குடியேறுவது அங்கேதான். காய்ந்த பிறகே சாக்ஸ். சாக்ஸை 60 டிகிரி நீரில் துவைக்காவிட்டால் பூஞ்சையைத் திரும்பவும் காலில் மாட்டிக்கொண்டு போவீர்கள். தோல் வெடித்து ரத்தம் கசியும் இடத்தில் தடவக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் கால் விஷயத்தில் இந்தச் சோதனையே வேண்டாம்.

நகச்சொத்தை?

பெரும்பாலும் ஏமாற்றம். 1994-இல் 117 பேரிடம் சுத்தமான டீ ட்ரீ எண்ணெயையும் 1 சதவீத குளோட்ரிமசோல் கரைசலையும் ஆறு மாதம், தினம் இரண்டு வேளை தடவி ஒப்பிட்டார்கள். பூஞ்சை ஒழிந்தது எண்ணெயில் 18 சதவீதம், மருந்தில் 11. 'மருந்துக்கு நிகர்' என்று இதை மேற்கோள் காட்டுகிறார்கள். நிகர்தான், ஆனால் குளோட்ரிமசோல் நகத்தைத் துளைத்துப் போவதில் படுமந்தம். நொண்டியோடு ஓடிச் சமமாக வந்ததைப் பந்தயத்தில் சேர்ப்பதில்லை.

கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மி.மீ.தான் வளர்கிறது. முழுதாக மாற ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். எந்தச் சிகிச்சையானாலும் அடியில் புது நகம் தெளிவாக வளர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கெட்டுப்போன பகுதி தெளியாது, வெட்டித்தான் போகும். தடித்த நகங்களில் ஏறக்குறைய பாதிக்குப் பூஞ்சையே காரணமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். செருப்பின் அழுத்தம், சொரியாசிஸ் இரண்டும் அதே தோற்றத்தைத் தரும்.

பொடுகு, தேமல்?

பொடுகுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 2002, 126 பேர், 5 சதவீத டீ ட்ரீ ஷாம்பு, தினமும் மூன்று நிமிடம் தலையில் வைத்துக் கழுவுதல், நான்கு வாரம். தீவிரம் 41 சதவீதம் குறைந்தது. வெற்று ஷாம்புவில் 11. முழுக் குணம் அபூர்வம்.

தேமலுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்த்த ஷாம்புவும் கிரீமும் 40 நாள் சோதிக்கப்பட்டன. பூஞ்சை ஒழிந்தது 60 சதவீதம் பேருக்கு, ஒப்பிட்ட 2 சதவீத கீட்டோகோனசோலில் 80 சதவீதத்துக்கும் மேல்.

இரண்டுக்கும் காரணம் மலாசீசியா என்ற ஈஸ்ட். அதற்குச் சாப்பாடே கொழுப்பு. பலரும் தவறுவது இங்கேதான்: டீ ட்ரீயை ஆலிவ் எண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ கலந்து தலையில் ஊறவைத்து, ஒரு கையால் அடித்து மறு கையால் ஊட்டுகிறார்கள். ஷாம்புவில் கலப்பதே சரி. வாசனையற்ற ஷாம்பு 95 மி.லி., எண்ணெய் 5 மி.லி., ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு எடுக்கவும். கண்ணில் படாமல் பின்னால் சாய்ந்து கழுவவும். தேமல் போன இடத்தில் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். வெளிறல் இருப்பதை வைத்துப் பூஞ்சை சாகவில்லை என்று மேலும் மேலும் தடவக் கூடாது.

தொடையிடுக்குப் படர்தாமரைக்குத் தடவலாமா?

வேண்டாம். 25 சதவீதம் என்பது பாதத்தின் தடித்த தோலுக்குச் சோதித்த அளவு. தொடையிடுக்கில் தோல் மெல்லியது, வியர்வையும் மூடலும் சேர்ந்து கடிக்கும். கடித்துச் சிவந்த தோலைப் பார்த்து, 'தொற்று கூடிவிட்டது' என்று இன்னும் கொஞ்சம் தடவுவதுதான் வழக்கமாக நடப்பது. டெர்பினாஃபினுக்கு அடங்காத டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற படர்தாமரைப் பூஞ்சை பரவிவரும் இந்தக் காலத்தில், உடம்பில் பெரிதாகப் படரும் படர்தாமரைக்குச் சரியான மருந்தைச் சரியான நாள்கணக்கில் எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகளின் தலையில் வரும் படர்தாமரை முடியின் வேருக்குள் இருப்பது. வாய்வழி மருந்து இல்லாமல் போகாது.

வாயிலும் பிறப்புறுப்பிலும்?

வாய்க்கு இருப்பவை சிறிய ஆய்வுகள். பொய்ப்பல் வைப்போரின் அண்ணப்புண்ணுக்கு, தைமாலும் கார்வக்ராலும் மிகுந்த ஜடாரியா மல்டிஃப்ளோரா எண்ணெயின் 0.1 சதவீத ஜெல்லை மைகோனசோல் ஜெல்லோடு 24 பேரிடம் ஒப்பிட்டார்கள். அண்ணத்தின் சிவப்பை நன்றாகக் குறைத்தது. பொய்ப்பல்லின் மேல் இருந்த கேண்டிடாவைக் குறைப்பதில் மைகோனசோலை எட்டவில்லை. பிறப்புறுப்பில் நீர்க்காத எண்ணெயோ, எண்ணெயில் நனைத்த பஞ்சோ வைப்பது ரசாயனப் புண்ணில் கொண்டுபோய் விடும்.

விழுங்கினால் உள்ளே இருக்கும் பூஞ்சை சாகாதா?

மனிதர்களுக்கு 1.08 மி.கி. தைமால் உள்ள தைம் சாற்றுக் குளிகை கொடுத்து ரத்தத்தை அளந்த ஆய்வு உண்டு. இரத்தத்தில் தைமாலாக எதுவுமே அகப்படவில்லை. கல்லீரலும் குடலும் அதை உடனுக்குடன் சல்ஃபேட்டாக மாற்றிவிட்டன; அந்தச் சல்ஃபேட்டின் உச்ச அளவும் மி.லி.க்கு சுமார் 93 நானோகிராம். தைமாலின் எம்.ஐ.சி. கேண்டிடாவுக்கு நூறு மைக்ரோகிராமுக்கு மேல். இடைவெளி ஆயிரம் மடங்குக்கும் கூடுதல். அளவைக் கூட்டி அந்த இடத்தை எட்டுவதற்குள் கல்லீரல் போய்விடும். சிறு குழந்தை 10 மி.லி.க்கும் குறைவான கிராம்பு எண்ணெயைக் குடித்து வலிப்பும் கல்லீரல் செயலிழப்பும் வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

மருந்தோடு சேர்த்தால் பலன் கூடுமா?

சோதனைக் குழாயில் கூடும். மி.லி.க்கு மைக்ரோகிராம் கணக்கில் தைமால் தனியாக 128, ஃப்ளூகோனசோல் தனியாக 64 தேவை என்று வையுங்கள். சேர்த்தபோது 32-ம் 8-ம் போதுமானால், 32-ஐ 128-ஆல் வகுத்தால் 0.25, 8-ஐ 64-ஆல் வகுத்தால் 0.125, கூட்டினால் 0.375. 0.5-க்குள் வந்தால் ஒன்றையொன்று தூக்கிவிடுகிறது என்று பொருள். 4-க்கு மேல் போனால் ஒன்றையொன்று கெடுக்கிறது. ஃப்ளூகோனசோலுக்கு அடங்காத கேண்டிடாவையும் டீ ட்ரீ கொல்வதாக ஆய்வகமும் எலிச் சோதனையும் காட்டியிருக்கின்றன. இதை வைத்து நீங்களே கிரீமில் எண்ணெய் கலக்க வேண்டாம். கிரீமின் பால்மம் உடைந்து மருந்து ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம் ஆகிவிடும்.

போன வருடம் ஒத்துக்கொண்ட எண்ணெய் இந்த வருடம் அரிக்கிறதே?

பெரும்பாலும் எண்ணெய் பழசாகியிருக்கும். டீ ட்ரீயில் உள்ள டெர்பினீன்கள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பெராக்சைடுகளாகவும் அஸ்கரிடோலாகவும் மாறுகின்றன. ஒவ்வாமையைக் கிளப்புபவை இவைதான். புது எண்ணெயில் மிகக் குறைவு. பழசாகும்போது பாரா-சைமீன் என்ற பொருளும் கூடிப்போய் வாசனையில் ஒரு மண்ணெண்ணெய் நெடி தட்டும். குளிர்ந்த இருட்டில் வைத்து, பாதிக்கு மேல் காலியான புட்டியைச் சிறிய புட்டிக்கு மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றே எதிரி. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் புது எண்ணெய் வாங்கியும் பயனில்லை, உடம்பு நினைவு வைத்திருக்கும்.

தோலில் தங்கவிடும் பொருளில் பாதுகாப்பு எல்லையாகக் கிராம்புக்கு 0.5 சதவீதம், எலுமிச்சைப்புல்லுக்கு 0.7, லவங்கப்பட்டைக்கு 0.07 என்ற அளவில் சொல்வார்கள். லவங்கப்பட்டைக்குக் கிடைக்கும் அந்த எல்லையில் தோலின் பூஞ்சையை விரட்டும் பலத்துக்குப் பெரிதாக இடமில்லை.

நல்ல டீ ட்ரீயை எப்படி அடையாளம் காண்பது?

மெலலூகா ஆல்டர்னிஃபோலியா என்ற தாவரப் பெயரும், ஐ.எஸ்.ஓ. 4730 தரமும் குறித்திருக்க வேண்டும். 2017 பதிப்பின்படி டெர்பினென்-4-ஆல் 35 முதல் 48 சதவீதம், சினியோல் என்ற இன்னொரு உட்கூறு 10-க்குள். விற்பவர் தொகுதி எண்ணோடு அறிக்கை தந்தால் அதில் இந்த இரண்டு வரியைப் பாருங்கள்.

பூனை, நாய் இருக்கும் வீட்டில்?

பூனையின் கல்லீரலால் ஃபீனால்களை வேகமாக மாற்றி வெளியேற்ற முடியாது. நீர்க்காத டீ ட்ரீ தோலில் பட்டே பூனைக்கும் நாய்க்கும் தள்ளாட்டமும் நடுக்கமும் வந்திருக்கின்றன. உங்கள் காலில் தடவியதை அவை நக்கும். சாக்ஸ் போடும் வரை அறைக் கதவைச் சாத்தி வைக்கவும்.

மருத்துவர் தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொன்னால் எண்ணெயை நிறுத்த வேண்டுமா?

நிறுத்த வேண்டும். தோலில் எண்ணெய் மிச்சமிருந்தால் வளர்ப்புத் தட்டில் பூஞ்சை முளைக்காது. இருக்கும் நோய் 'இல்லை' என்று வரும். தோலானால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடவும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையில் செத்த இழைகூடத் தெரியும், அதனால் அது அவ்வளவு ஏமாற்றாது. எந்த எண்ணெய், எத்தனை சதவீதம், கடைசியாகத் தடவியது எப்போது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். புட்டியையும் எடுத்துப் போனால் இன்னும் நல்லது.